சிறுத்தைக்குப் போர்த்திய பொன்னாடை

மூன்று ஆண்டுகளுக்கு முன், வருடக் கடைசி மழைக்காலத்தில், சுங்கை பூலோவைத் தாண்டி எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றை ஒட்டிய காட்டில் நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

என் அப்பா கிள்ளானில் லோரி ஓட்டுகிறார். அம்மாவுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே இல்லை. படிப்பு முடிந்ததும், கருஞ்சிறுத்தையைப் பிடித்துக் கழுத்தில் கருவிப் பட்டை கட்டி, அது எங்கெங்கே போகிறது என்று கண்காணிக்கும் ஓர் ஆய்வுக் குழுவில் சேர்ந்தேன். "பொம்பளப் புள்ளைக்கு வேற வேலையே கெடைக்கலையா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். நானோ முட்டி வரை சேற்றில் நின்று, மழை கரைப்பதற்குள் கால்தடங்களை அளந்துகொண்டிருந்தேன். ஓயாத அட்டைக்கடி. கூண்டில் ஆட்டுக்கறி வைப்போம். உடும்பு வந்து தின்றுவிட்டுப் போகும்.

ஒருநாள் விடியற்காலையில் கூண்டுக் கதவு விழுந்தது. ஓடிப் போய்ப் பார்த்தோம். பெண் சிறுத்தை. கன்னங்கரேல் என்ற உடம்பு. வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டும் புள்ளிகள் தெரிந்தன. வெயில் ஏறுவதற்குள் மயக்க ஊசி போட்டு வேலையை முடித்துவிட வேண்டும். மயங்கிக் கிடக்கும் விலங்கால் தன் உடம்புச் சூட்டைத் தானே தணித்துக்கொள்ள முடியாது. குழுவில் இது தெரியாதவர் யாருமில்லை.

ஆனால் எங்கள் தலைவர், "டத்தோ வரட்டும்" என்றார். பட்டைகளை வாங்கித் தந்த, அரசரிடம் டத்தோ பட்டம் பெற்ற கிள்ளான் வியாபாரி அவர். சிறுத்தை சிக்கினால் கூப்பிடுவதாகத் தலைவர் வாக்குக் கொடுத்திருந்தாராம். காலை நெரிசலைத் தாண்டி டத்தோ வந்து சேரும் வரை, அந்தச் சிறுத்தை கூண்டுக் கம்பியில் மோதிக்கொண்டே இருந்தது. கால்நடை மருத்துவரான மலாய்க்கார அக்கா வானத்தை வானத்தைப் பார்த்தார். அன்றைக்கென்று பார்த்து மழையும் இல்லை.

டத்தோ தன் மனைவியோடும் ஒரு புகைப்படக்காரரோடும் வந்து இறங்கினார். கூடவே மாலை, பொன்னாடைகள்! பாலர் பள்ளி விளையாட்டுப் போட்டியைக்கூடப் பொன்னாடை இல்லாமல் நடத்த மாட்டோம் நாம். சரி, காட்டிலுமா?

ஒருவழியாக மயக்க ஊசி போட்டு, சிறுத்தையின் கண்ணைத் துணியால் கட்டி, பட்டையைப் பூட்டினோம். அதன் உடம்புச் சூட்டைப் பார்ப்பது என் பொறுப்பு. வெப்பமானியில் எண் ஏறிக்கொண்டே போனது. மயக்கம் தெளிவிக்கும் ஊசியை மருத்துவர் எடுத்தபோது, தலைவர் கையைக் காட்டி நிறுத்தினார். முதலில் தலைவருக்கு ஒரு பொன்னாடை. கைதட்டல் வேறு. பிறகு டத்தோ இன்னொன்றைப் பிரித்துச் சிறுத்தையின் மேல் போர்த்தினார். கனத்த ஜரிகைத் துணி. அதற்கும் மேலே மாலை.

"அந்தக் கண்கட்ட அவுருங்க லா. மூஞ்சி தெரியாம என்னா போட்டோ?" என்றார்.

"டத்தோ, சூடு நாப்பதத் தாண்டிருச்சு. மொதல்ல துணிய எடுங்க," என்றேன்.

"ஒரு போட்டோதானம்மா. அம்மன் வாகனம், ஒன்னும் ஆவாது," என்றார் அவர் மனைவி.

டத்தோ என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ எந்த எஸ்டேட் கூலிக்காரன் புள்ள? நாலு எழுத்து படிச்சிட்டா பெரியவங்ககிட்ட இப்படித்தான் பேசுவியா?"

தலைவரைப் பார்த்தேன். தன் தோளில் கிடந்த பொன்னாடையைச் சரிசெய்துகொண்டிருந்தார். சிறுத்தையின் நாக்கு வெளியே தொங்கியது. மூச்சு தாறுமாறாக இரைத்தது.

"எந்த எஸ்டேட்டா இருந்தா என்னா? இது செத்துப்போயிரும் டத்தோ!" என்று கத்தினேன். மாலையைத் தூக்கி எறிந்தேன். பொன்னாடையை உருவி, சூடு தணிக்கவென்று கொண்டுபோயிருந்த பனிக்கட்டித் தண்ணீர்ப் பெட்டிக்குள் முக்கி, சொட்டச் சொட்ட அதன் தொடை இடுக்கிலும் வயிற்றிலும் வைத்து அழுத்தினேன். "ஐயோ, பட்டு!" என்று டத்தோவின் மனைவி அலறினார். மருத்துவர் அதற்கு மேல் யார் உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. "செப்பாட்! செப்பாட்!" என்று என்னை அவசரப்படுத்திக்கொண்டே ஊசியைப் போட்டார். சூடு மெல்ல இறங்கியது. சிறுத்தையைக் கூண்டுக்குள் வைத்து, அது தள்ளாடாமல் நிற்கும் வரை காத்திருந்து கதவைத் திறந்தோம். திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது.

அன்று மாலையே தலைவர் கூப்பிட்டார். "டத்தோ மனசு புண்பட்டுருச்சும்மா. போன் போட்டு ஒரு சாரி சொல்லிடு."

"சிறுத்தைகிட்ட யார் சார் சாரி சொல்றது?" என்று கேட்டேன். போன் போடவே இல்லை. அடுத்த மழைக்காலத்தில் அந்தக் குழுவில் எனக்கு இடமில்லை. நாளிதழில் மட்டும், காட்டுயிரைக் காக்கும் வள்ளல் என்று டத்தோவின் படம் பெரிதாக வந்தது.

வேறு வேலையில் இருக்கிறேன் இப்போது. அடங்கிப் போயிருக்கலாமே என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் நினைவில்லாமல் கிடந்த ஓர் உயிருக்காக அன்று சண்டை போட்ட வாய் என்னுடையது என்பதில் எனக்கு இருக்கும் பெருமை, நான் வாங்கிய பட்டத்தில்கூட இல்லை.