செருப்பு அச்சு

தியாஸுக்கு ஒழுங்கான கோடு என்றாலே எரிச்சல். ஜகார்த்தாவில் ஒரு விளம்பர அலுவலகத்தில் இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு டிசைன் போட்டவள், ஒரு நாள் "போங்கய்யா, நீங்களும் உங்க கோடும்" என்று சொல்லிவிட்டு சொந்த ஊரான ஜோக்ஜாவுக்கே திரும்பிவிட்டாள். அங்கே கோடே என்ற ஆற்றின் கரையோரச் சந்தில் பழைய மோட்டார் சைக்கிள் கொட்டகை ஒன்றைப் பிடித்து அச்சுப்பட்டறை போட்டாள்.

அங்கே நடந்தது வேலையா விளையாட்டா என்று எங்கள் சந்துக்காரர்களுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அறுந்த ரப்பர் செருப்போடு யார் வேண்டுமானாலும் வரலாம். பகடை உருட்ட வேண்டும். விழுகிற எண் நிறத்தை முடிவு செய்யும். செருப்பின் அடியை விருப்பம்போல் வெட்டி, மையில் தோய்த்து, தாளில் குத்த வேண்டும். வறுவல் கடை மார்னி அக்கா தான் பொரித்து விற்கிற சோயாக் கட்டி, டெம்பே, அதன் துண்டு மாதிரி வெட்டப் போய் அது முதலையாக வந்தது.

"இருக்கட்டும்க்கா, முதலையையே பொரிச்சு வித்துடலாம்" என்றாள் தியாஸ்.

அந்த முதலை மார்னியின் கடைத் துணியில் ஏறியதுதான் தாமதம், சந்தே கொட்டகைக்குள் புகுந்துவிட்டது.

ஆகஸ்ட் வந்தது. சுதந்திர நாளுக்குச் சந்தின் முகப்பு வளைவுக்கு நாங்களே வண்ணம் பூசுவோம். இந்த முறை செருப்பு அச்சாலேயே நிரப்புவது என்று ஆளாளுக்கு வெட்டி வைத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து வட்டார அலுவலகத்திலிருந்து ஹெர்மாவான் என்ற அதிகாரி வந்தார். சந்துக் கூட்டத்துப் பாயில் உட்கார்ந்து, சர்க்கரை தூக்கலான தேநீரை உறிஞ்சினார்.

"எல்லாச் சந்துக்கும் ஒரே டிசைன். ஃபிளெக்ஸ் நாங்களே தர்றோம், வாங்கி மாட்டுங்க. கொடி பறக்குற இடத்துல செருப்பா? நல்லாவா இருக்கு?"

"சரிங்க" என்றார் சந்துத் தலைவர் சுரோசோ. "சரிங்க" என்று பாய் முழுக்கத் தலையாட்டியது. எங்கள் பக்கம் அது மூச்சு விடுவது மாதிரி. அதற்கு அர்த்தம் தேடினால் ஆயுள் போதாது.

தியாஸ் எழுந்துவிட்டாள். "முடியாது. அது செருப்பில்ல, அச்சு. இவங்க எல்லாரும் கையால வெட்டினது."

கூட்டம் குனிந்து தேநீரைப் பார்த்தது. அதிகாரி போனதும் சுரோசோ அவளைப் பிடித்துக்கொண்டார்.

"பெரியவங்க முகத்துக்கு நேரா முடியாதுங்கிறியே, இங்க யாருக்கும்மா அந்தப் பழக்கம்? ஜகார்த்தா தண்ணி குடிச்சா இப்படித்தான்!"

"அப்ப நீங்க ஒத்துக்கிட்டீங்களா?"

"சரிங்கன்னேன். அவ்வளவுதான்."

கோழைகள் என்று அவளுக்கு மனம் கொதித்தது. வெட்டிய அச்சுகளையெல்லாம் பெட்டியில் அள்ளிப் போட்டு மூடினாள். இவர்களை நம்பி வேலையை விட்டது மடத்தனம் என்று அழுகையாக வந்தது.

ஞாயிறு காலை, ஊர் கூடிச் செய்கிற வேலைக்கு வேண்டா வெறுப்பாகத்தான் போனாள். அலுவலக ஃபிளெக்ஸ் தொங்கத்தான் செய்தது, மார்னி அக்கா கடைக்கு மேலே வெயில் மறைப்பாக. வளைவு வெறுமையாக நின்றது.

"மாட்டச் சொன்னாரு, மாட்டிட்டோம். எங்கன்னு சொல்லலையே" என்றாள் மார்னி, எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். "பெட்டி எங்கடி? எவ்வளவு நேரம் காத்துக் கிடக்கிறது?"

தியாஸ் கொட்டகைக்கு ஓடினாள். மதியத்துக்குள் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக வளைவு நிரம்பிவிட்டது. சுரோசோகூட ஏணியில் ஏறி நாலு குத்து குத்தினார்.

ஹெர்மாவான் வந்து பார்த்தார். முகம் கறுத்தது.

"சாயங்காலத்துக்குள்ள வெள்ளை அடிச்சிருக்கணும். இல்லேன்னா உங்க தலைவர் பதவிக்கு நான் பொறுப்பில்ல, சுரோசோ."

தியாஸ் வாயைத் திறந்தாள். சுரோசோ கை காட்டி அவளை அடக்கினார். அவளுக்குத் தெரிந்த கதைதான் இது. இனி வழக்கமான "சரிங்க" வரும், பின்னாலேயே வெள்ளை வாளியும் வரும்.

சுரோசோ ஏணியிலிருந்து இறங்கினார். வாழ்நாளெல்லாம் அதிகாரிகள் முன் நின்ற அதே பணிவோடு இடுப்பை வளைத்து, பெயிண்ட் அப்பிய கைகளை முன்னால் கோத்துக்கொண்டார்.

"முடியாதுங்க" என்றார்.