மூடிய குழியின் மேல்

தொண்ணூறுகளில் டெக்சஸில் ஒரு திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தில் மண் பரிசோதகனாக இருந்தேன். தோண்டி முடித்த குழியை மூடிப் புல் வளர்த்தோம். நிலம் தேறிவிட்டது என்று நான் கையெழுத்திட்ட பிறகுதான் நிலத்தைச் சீராக்கித் தருவதற்கு ஈடாகக் கம்பெனி கட்டியிருந்த பிணைத்தொகையை அரசாங்கம் விடுவித்தது.

நிலத்தை ஒப்படைக்கும் நாளில் என் மனைவியும் வந்திருந்தாள். நிலத்துக்காரரான அமெரிக்க விவசாயி டிரக்கை விட்டு இறங்கவே இல்லை.

"பத்து மாடி ஆழத்துக்குக் குழி இருந்துச்சு. என் கண்ணால பார்த்தேன். எப்படிக் கால் வைப்பேன்?" என்றார் ஆங்கிலத்தில்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "எல்லாம் டெஸ்ட் பண்ணியாச்சு" என்றேன்.

கோயம்புத்தூர்ப் பக்கம் தோட்டங்காட்டில் வளர்ந்தவள் என் மனைவி. பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நிலத்தில் இறங்கினாள்.

"ஏனுங்க, மண்ணு மெத்துன்னு இருக்குதுங்க!"

"ஐயோ, போகாதே! நில்லு!"

கத்தியது நான்தான். அவள் திகைத்து நின்றாள்.

விவசாயி என்னையே பார்த்தார். கேலி செய்யவில்லை.

"நீயும் அந்தக் குழியைப் பார்த்தவன்தானே" என்று சொல்லி, கதவைத் திறந்து இறங்கி, என் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் சேர்ந்தே புல்லில் கால் வைத்தோம்.

என் கையெழுத்தை நம்பாத மனிதர், என் பயத்தை நம்பி இறங்கினார்.