அகஸ்டின் அளக்க மறந்த பாரம்

மலைமேல் கியா பார்ம் என்ற ஊரைத் தாண்டி, தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வரிசையில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அகஸ்டின். எந்த வண்டியைக் கண்டாலும் குனிந்து அடிப்பக்கம் பார்க்காமல் விடமாட்டார். அவருடையது அறுபத்தேழாம் வருடத்து லேண்ட் ரோவர். முப்பது வருடமாக அதில் முட்டைக்கோஸ் ஏற்றித்தான் பிழைப்பு.

மகள் பார்பராவைத் தானா ராத்தா டவுனில் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டதும் அதே வண்டிதான். கோஸ் வாடைக்குத் தோழிகள் சிரிக்கிறார்கள் என்று அவள் பஸ் நிலையத்திலேயே இறங்கிக்கொள்வாள். அகஸ்டின் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் கல்யாணத்தன்று அவள் மாதா கோயில் வாசலில் நல்ல காரில் போய் இறங்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டார்.

அதற்காகவே தங்கை மகன் ராய்ஸ்டன் ஈப்போவிலிருந்து தன் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்திருந்தான். கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை வீட்டாரைக்கூட மறந்துவிட்டு, மனிதர் அந்தக் காரையே சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஸ்பேர் டயர் எங்கடா?"

"இல்ல மாமா. பஞ்சர் ஒட்டுற மருந்து ஒரு பாட்டில் இருக்கு."

"பாட்டிலா? சாவி எங்க போடுறது?"

"சாவியே வேணாம் மாமா, பட்டன்தான்."

ஒவ்வொரு பதிலுக்கும் அவர் கண் அகலமாகிக்கொண்டே போனது. கடைசியில் சேற்றில் படுத்து, காரின் வயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை விரலால் அளந்தார். எட்டு விரல். லேண்ட் ரோவரில் ஒரு சாணுக்கு மேலேயே இருக்கும்.

தோட்டத்துச் சாலையில் இரண்டு சக்கரத் தடங்களுக்கு நடுவே மேடு தட்டியிருந்தது. எல்லாம் அவர் வண்டி போட்ட தடம்தான். ராய்ஸ்டன் வந்தபோதே கார் அதில் உரசிக்கொண்டுதான் வந்திருந்தது. மண்வெட்டியோடு இறங்கி, சாயங்காலம்வரை அந்த மேட்டைச் சீவினார். ராய்ஸ்டன் காரை ஓட்டிப் பார்த்தான். இரண்டு விரல் இடைவெளியில் தாண்டிவிட்டது. அகஸ்டின் கைதட்டியதை நானே பார்த்தேன்.

மறுநாள் காலை ராய்ஸ்டன் காரை எடுக்க, வெள்ளைக் கவுனில் பார்பரா முன்னால் ஏறினாள். தோழிகள் இருவர் பின்னால் மடங்கி உட்கார்ந்தார்கள். அகஸ்டின் லேண்ட் ரோவரில் பின்தொடர்ந்தார். நேற்றுத் தாண்டிய அதே இடத்தில் 'கிரக்' என்றது. கார் மேட்டின்மேல் உட்கார்ந்துகொண்டது.

அகஸ்டின் தலையில் அடித்துக்கொண்டார். ஒரு டன் கோஸ் ஏற்றினாலும் அவ்வளவாக அசையாத பட்டை ஸ்பிரிங்கோடு வாழ்ந்தவர். நாலு பேர் ஏறினால் கார் தாழும் என்று தோன்றவேயில்லை. பாவம், அழுதே விட்டார்.

"நேரமாச்சுப்பா, உங்க வண்டியிலயே போலாம்," என்று பார்பரா கவுனை வாரிக்கொண்டு இறங்கினாள். நான் ஓடிப்போய்ப் புதுப் படுக்கை விரிப்பை இருக்கையில் போட்டேன். தோழிகளோடு நானும் பின்னால் தொற்றிக்கொள்ள, வண்டி ஓரத்துப் புல்லில் ஏறி காரைத் தாண்டியது. ராய்ஸ்டன் காருக்குக் காவலாக நின்றான்.

தானா ராத்தா பஸ் நிலையம் வந்ததும் வண்டி நின்றது.

"ஏம்பா நிறுத்திட்டீங்க?"

"நீ எப்பவும் இங்கதானேம்மா எறங்குவே. கோயில் பக்கந்தான். வேற கார் ஏதாச்சும் பிடிச்சுத் தரேன்."

பார்பரா அவர் கைமேல் தன் கையை வைத்தாள்.

"வாசல் வரைக்கும் போங்கப்பா. மெதுவாவே போங்க லா. எல்லாரும் பாக்கட்டும்."