பின்பக்கத்துக்கு வைத்த நிலை

என் வீட்டு முன்னால், கார் நிறுத்தும் கூரைக்குக் கீழே, சுவரோரமாக ஒரு கதவு நிலை படுத்துக் கிடக்கிறது. கெட்டியான பழைய மரம். சாதாரண நிலையைவிட அகலம். வருகிறவர்கள் இது எதற்கு என்று கேட்பார்கள். பின்பக்கத்துக்கு வைத்தது என்பேன். அதற்கு மேல் சொல்வதில்லை.

நாங்கள் ரப்பர் தோட்டத்து ஆட்கள். தோட்டத்தை விற்று வீடு கட்டினார்கள். அங்கே மரத்தில் பால் வெட்டியவர்களுக்கு மலிவு விலை வீடு கிடைத்தது. நாங்கள் குடியிருந்த லயம் இருந்த மேட்டிலேயே தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வந்தது. ஒட்டி ஒட்டி வரிசை வீடுகள். முன்னால் கூடம், பக்கத்தில் இரண்டு அறை, பின்னால் குசினி. கூடத்துக்கும் குசினிக்கும் நடுவே கதவு கிடையாது. குசினி மூலையில் குளியலறை. ஒரு ஆள் நின்று குளிக்கலாம். உள்ளே போக ஒரு படி இறங்க வேண்டும்.

லயத்தில் இருந்தபோது வீட்டைப் பெரிதாக்குவது சுலபம். பின்னால் கம்பம் நட்டுத் தகரம் போட்டால் முடிந்தது. தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் வாயால் ஒரு வார்த்தை சொல்லி வைப்போம். அவர் தலையாட்டினால் போதும். தாமானில் அது நடக்காது. பிளான் போட வேண்டும். அண்டை வீட்டார் கையெழுத்து வேண்டும். நகராண்மைக் கழகம் கூடிப் பேசி அனுமதி தர வேண்டும்.

எங்களுக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. என் மனைவிக்குக் கால் போகும் வரை.

தோட்டம் போன பிறகு அவள் செங் வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். இனிப்புநீர், சர்க்கரை வியாதி இருந்தது. காலில் சின்னப் புண். வேலைக்குப் போட்ட சப்பாத்து கடித்தது. ஆறவில்லை. முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த அன்றே தெரிந்துவிட்டது. சக்கர நாற்காலி குளியலறைக்குள் போகவில்லை. வாசல் சிறிது. படி வேறு. தூக்கிக்கொண்டு போனால் இரண்டு பேரும் விழுவோம். குசினியில் குறுக்காக ஒரு பழைய சேலையைக் கட்டினேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துக் குளிப்பாட்டினேன். தண்ணீர் அடுப்புக்குக் கீழே இருந்த கேஸ் தோம்பு வரை ஓடியது. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். 

மறுநாளும் அப்படித்தான். பிறகு ஒரு நாள் சொன்னாள்.

"என்னங்க, எனக்குக் கால் போனது கூடப் பரவால்ல. கதவச் சாத்திட்டு நானே குளிக்கணும். அவ்ளோதான்."

அவள் என்னிடம் கேட்டது குறைவு. இதைக் கேட்டாள். செய்துவிடலாம் என்று நினைத்தேன்.

பிளான் போடும் தம்பி ஒருவர் வந்து அளந்தார். குசினிச் சுவருக்குப் பின்னால் காலி இடம் இருந்தது. அங்கே குளியலறை. நாற்காலியோடு உள்ளே போய்த் திரும்புகிற அளவு. அகலமான கதவு. படி இல்லை.

இடது பக்கத்து வீட்டில் மலாய்க்கார அம்மா உடனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வலது பக்கத்தில் இருப்பவரை நானா, அதாவது அண்ணன், என்போம். தமிழ் முஸ்லிம். மஸ்ஜித் தானா டவுனில் ஹார்ட்வேர் கடை. என் மனைவியைத் தங்கச்சி என்பார். அதனால் நான் மச்சான். அவர் பிளானை விரித்துப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, இவ்ளோ பெரிய பாத்ரூமு? உள்ள சம்பான் விடப் போறியா?"

"ஆமா நானா. நீங்க வந்து துடுப்பு போடுங்க. கடையில சும்மாத்தானே உக்காந்திருக்கீங்க."

"போட்டாப் போச்சுலா. மச்சானக் கரையில நிறுத்தி வைப்போம். வெயிட்டு தாங்காது."

அவள் சிரித்தாள். கால் போன பிறகு அன்றுதான் அவள் சத்தமாகச் சிரித்தது.

அந்த நிலையைக் கொண்டுவந்தவரும் நானாதான். எங்கோ பழைய வீடு உடைத்த இடத்தில் பார்த்திருக்கிறார். லோரியில் ஏற்றி வந்து இறக்கினார். நாற்காலியை அதன் நடுவில் தள்ளிப் பார்த்தோம். இரண்டு பக்கமும் கை போகிற இடம் மிச்சம் இருந்தது. அவள் மரத்தைத் தடவிப் பார்த்தாள்.

பிளான் நகராண்மைக் கழகத்துக்குப் போனது. கூட்டத்துக்கு வர நாளாகும் என்றார்கள். அப்போது வைகாசி முடியப் போகிற நேரம். ஆனியிலும் ஆடியிலும் எங்கள் ஆட்கள் நிலை வைக்க மாட்டார்கள். விட்டால் ஆவணிதான். அவள் கோயில் ஐயரைக் கூப்பிட்டுக் கேட்டாள். வைகாசிக் கடைசியில் ஒரு நல்ல நாள் இருந்தது.

தம்பிக்குப் போன் போட்டேன்.

"அங்கிள், கூட்டம் முடியற வரைக்கும் ஒரு கல்லு கூட வைக்காதீங்க."

"கல்லு வைக்கல தம்பி. நிலைதான்."

"நிலையும் வேணாம் அங்கிள். சொன்னாக் கேளுங்கலா."

அவளிடம் சொன்னேன்.

"அந்தத் தம்பிக்கு என்ன தெரியும்? செவுரு கட்டினாத்தானே கட்டடம். நிலை வைக்கிறது சாமி காரியம். அதுக்கு யாரு பெர்மிட் கேப்பாங்க?" என்றாள்.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நானாவும் அப்படித்தான் சொன்னார். தோட்டத்தில் கோயில் கட்டியபோதும் முதலில் நிலைதான் வைத்தோம். துரை ஒன்றும் சொல்லவில்லை.

நல்ல நாளில் விடியற்காலை நிலையை நிறுத்தினோம். மஞ்சள் பூசினாள். பொட்டு வைத்தாள். கீழே நவதானியம் போட்டாள். எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே குனிந்து செய்தாள். மாவிலை கட்டி, பால் ஊற்றினோம். பின்பக்கத்துக் காலி இடத்தில் நிலை மட்டும் தனியாக நின்றது. இந்தப் பக்கம் பார்த்தால் குசினி. அந்தப் பக்கம் பார்த்தால் பின்சந்தும் சாக்கடையும்.

ஆனியில் நகராண்மைக் கழகத்திலிருந்து ஒரு அம்மா இடம் பார்க்க வந்தார். மலாய்க்காரர். மரியாதையான ஆள். நிலையைச் சுற்றி ஒரு முறை நடந்தார்.

இது கதவா என்று மலாயில் கேட்டார். கதவு மாட்டுகிற சட்டம் என்றேன். சுவர் எங்கே என்றார். அனுமதி வந்த பிறகுதான் சுவர் என்றேன். அப்படியானால் இது ஏன் நிற்கிறது என்றார்.

என் மலாய் வேலைக்குப் போதும். இதற்குப் போதவில்லை. நல்ல நாள், நல்ல நாள் என்று இரண்டு தடவை சொன்னேன். அவர் தலையாட்டினார். காய்ந்த மாவிலையைப் பார்த்தார். பிறகு படம் எடுத்துக்கொண்டார். அங்கிள், சட்டப்படி இது வேலை ஆரம்பித்த மாதிரிதான் என்றார். போகும்போது உள்ளே வந்து என் மனைவியின் கையைப் பிடித்து நலம் விசாரித்துவிட்டுப் போனார்.

கடிதம் வந்தது. அனுமதி இல்லாமல் கட்டியதை எடுக்க வேண்டும். எடுத்த பிறகுதான் பிளான் கூட்டத்துக்குப் போகும்.

"எடுத்துருவோம். அவங்க விட்டதும் திரும்ப நிறுத்திக்கலாம்," என்றேன்.

"வச்ச நிலையப் புடுங்கறதா? நல்லா இருக்கிற வீட்டுல யாராச்சும் செய்வாங்களா?"

"வீடு எங்க இருக்கு? நிலைதானே நிக்குது."

"பால் ஊத்தியாச்சு. பொட்டு வச்சாச்சு. என்னால முடியாதுங்க. எம் பிள்ளைங்களுக்கு ஏதாச்சும் ஆயிடும்."

நான் விட்டுவிட்டேன். நானும் தனியாக எடுத்திருக்கலாம். அவள் தூங்கும்போது எடுத்தால் அவளுக்குத் தெரியவா போகிறது? காலையில் தெரிந்துவிடும். அவள் முகத்தைப் பார்க்க வேண்டியது நான்தான்.

தம்பி போன் செய்து கேட்டார். நான் பார்க்கலாம் என்றேன். ஆடி போனது. ஆவணி போனது. நிலை மழையில் நனைந்து நின்றது. தினமும் காலையில் சேலையைக் கட்டினேன், வாளியில் தண்ணீர் பிடித்தேன், குளிப்பாட்டினேன். நான் முதுகு தேய்க்கும்போது அவள் சன்னல் வழியாக அந்த நிலையைத்தான் பார்ப்பாள்.

தீபாவளிக்கு ஜொகூரிலிருந்து மகள் வந்தாள். மருமகனும் பிள்ளைகளும் வந்தார்கள். வீடு நிறைந்துவிட்டது. காலையில் எல்லாரும் எண்ணெய் தேய்த்துக் குளித்தார்கள். என் மனைவி மட்டும் குளிக்கவில்லை.

"நீங்க கோயிலுக்குப் போங்க. நான் பின்னால குளிக்கிறேன்," என்று எல்லாரையும் அனுப்பினாள்.

எல்லாரும் போன பிறகு சேலையைக் கட்டினேன். தலையில் எண்ணெய் வைத்தேன். முதல் தண்ணீர் ஊற்றினேன். தேங்காய்த் தட்டை மறந்துவிட்டார்களாம். மருமகன் திரும்பி வந்தார். நாங்கள் குளித்து முடித்திருப்போம் என்று நினைத்தாரோ என்னவோ. குசினிக்குள் வர சேலையை விலக்கினார்.

அவர் மேல் தப்பில்லை. அப்படியே திரும்பி வெளியே போய்விட்டார். தட்டை எடுக்கவில்லை.

 இவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக் குனிந்துகொண்டாள். மீதித் தண்ணீரை ஊற்றினேன். மத்தியானம் சாப்பிடும்போது மருமகன் நிமிரவே இல்லை. இவள் தோசை வேணுமா, கறி வேணுமா என்று கேட்கவும் இல்லை. எப்போதும் கேட்பாள்.

அவர்கள் ஊருக்குப் புறப்பட்டுப் போன பிறகு சொன்னாள்.

"நானாவக் கூப்பிடுங்க. அத எடுத்துருங்க."

"நல்ல நாள் பாக்க வேணாமா?" என்றேன். சும்மா விளையாட்டாகத்தான்.

சிரிக்கவில்லை. "எனக்குக் கதவுதான் வேணும்," என்றாள்.

நானும் நானாவும் எடுத்தோம். அவள் தன் நாற்காலியை வாசல் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னாள். பெயர்த்த இடத்தில், கீழே போட்ட நவதானியம் கொஞ்சம் முளைத்து, வெளுத்துக் காய்ந்து கிடந்தது. நானா அதைக் காலால் மூடினார். நிலையை ஆளுக்கொரு பக்கம் தூக்கி, பின்சந்து வழியாக வெளியாகவே சுற்றிக் கொண்டுவந்து முன்கூரைக்குக் கீழே போட்டோம்.

"இங்கதான் இருக்கும் தங்கச்சி. எங்கயும் ஓடிறாது," என்றார் நானா.



நகராண்மைக் கழகத்து அம்மா திரும்ப வந்து காலி இடத்தைப் படம் எடுத்தார். பிளான் கூட்டத்துக்குப் போனது. இந்த அளவுக்கு அனுமதி தர முடியாது என்று பதில் வந்தது. தீப்பிடித்தால் ஆள் போய்வரப் பின்னால் வழி விட வேண்டுமாம். அது எல்லா வீட்டுக்கும் உள்ள சட்டம்தான். தம்பி குளியலறையைச் சுருக்கித் திரும்ப வரைந்தார்.

புது அளவைச் சுண்ணாம்புக் கட்டியால் முன்வாசலில், கூரைக்கு வெளியே சிமெண்டுத் தரையில் கோடு போட்டேன். அவளைக் கோட்டுக்குள் தள்ளிப் பார்த்தேன்.

"திரும்புதா?"

"முட்டுது."

"அப்ப தம்பிகிட்ட சொல்லவா?"

"வேணாம். முட்டட்டும். செவுருதானே. நானும் செவுரும் பேசி வச்சுக்கிறோம்," என்றாள்.

கோட்டுக்குள்ளேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். உள்ளே கொண்டு போகவா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றாள். பிறகு மழை வந்தது. கோடு அழிந்தது.

அடுத்த கூட்டத்துக்கு முன்னால் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்றார்கள். நெஞ்சில் நீர் கோத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அங்கே தாதிகள் வந்து ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போவார்கள். திரையை இழுத்துவிடுவார்கள். ஒரு ஓரம் எப்போதும் திறந்தே கிடக்கும். நான் அந்த ஓரத்தில் போய் நிற்பேன்.

அங்கே இருக்கும்போதுதான் தம்பி போன் செய்தார். அனுமதி கிடைத்துவிட்டது. நான் அவள் காதுக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னேன்.

கண்ணைத் திறந்தாள்.

"அகலம்?"

"அதே நிலைதான். கொறைக்கல."

"தாப்பா எந்தப் பக்கம்?"

"உள்பக்கம்."

"உள்பக்கந்தானே?"

"உள்பக்கந்தான்மா. நீயே போட்டுக்கலாம்."

தலையாட்டினாள். பிறகு தூங்கினாள். அந்த வாரமே போய்விட்டாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். தோட்டத்தில் கூட இருந்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். குளிப்பாட்டுகிற நேரம் வந்தது. தண்ணீர் பிடித்து வைக்கலாம் என்று நான் வாளியை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். பழக்கம். மகள் என் கையிலிருந்து வாளியை வாங்கினாள்.

"அப்பா, நீங்க வெளிய இருங்க. பொம்பளைங்க நாங்க பாத்துக்கிறோம்."

ஆண்கள் எல்லாரையும் வெளியே அனுப்பினார்கள். சன்னல்களைச் சாத்தினார்கள். பின்கதவைச் சாத்தினார்கள். நான் முன்கூரைக்குக் கீழே வந்து நின்றேன். நானா அங்கே நின்றிருந்தார். மருமகன் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்து நின்றார். காலடியில் அந்த நிலை கிடந்தது.

முன்கதவையும் சாத்தினார்கள். உள்பக்கம் தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் ஊற்றுகிற சத்தம்.