விளக்கு ஏற்றாத நாட்கள்

மாலையில் சாமி மாடத்தில் விளக்கு ஏற்றுவது என் மனைவியின் வேலை. மாதத்தில் சில நாட்கள் மட்டும் அவள் அந்தப் பக்கம் போக மாட்டாள். அந்த நாட்களில் எங்கள் மகள் ஏற்றுவாள். மகளும் பெரியவளான பிறகு, சில சமயம் இரண்டு பேரும் ஒதுங்கியிருந்தால், "நீயே ஏத்திடு மாமா" என்று மனைவி அடுப்பைப் பார்த்தபடி சொல்லுவாள். நான் கை கால் கழுவிக்கொண்டு போய் ஏற்றுவேன். ஏன் என்று கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் அதற்கு 'தூரம்' என்று பெயர். அந்த ஒரு வார்த்தையைக்கூட நான் வாயால் சொன்னது கிடையாது. விளக்கைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன், அவ்வளவுதான்.

எங்களுக்கு மதுராந்தகம் பக்கம். நான் ஐந்தாவது வரை படித்தேன். கொஞ்ச நாள் நிலத்து வேலை, பிறகு வண்டி. இப்போது 'குட்டி யானை' என்கிற சின்ன லாரி ஓட்டுகிறேன். மாமல்லபுரத்து லாட்ஜுகளில் அழுக்குப் படுக்கை விரிப்புகளை மூட்டை கட்டி ஏற்றிக்கொண்டு, நெம்மேலி தாண்டி இருக்கும் சலவைக் கூடத்தில் இறக்குவேன். வெளுத்ததைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பேன். வண்டியில் தனியாகப் போவதால் யாருடனும் பேச வேண்டியதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

மகளுக்குக் கல்யாணம் ஆகிப் போன பிறகு ஒரு பொங்கல் வந்தது. அதற்கப்புறம் என் மனைவி விளக்கு ஏற்றாத நாளே இல்லை. ஒரு மாதம், இரண்டு மாதம் பார்த்தேன். பிறகு புரிந்துகொண்டேன். தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொள்வாள். "எனுக்கு மட்டும் சித்திரை மாசம் நடக்குது" என்பாள். சில நாள் ஒன்றுமில்லாததற்குக் கோபம் வரும். அதெல்லாம் மெல்ல அடங்கியது. அடுத்த பொங்கலும் போனது. அந்த ஆடியில் அம்மன் கோயில் கூழுக்கு முதல் பானையைக் கிளறும் வேலையை அவளுக்குக் கொடுத்தார்கள். எங்கள் தெருவில் அந்தப் பானையைத் தூரம் நின்றுபோன பெண்கள்தான் தொடுவார்கள். மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு, புகையில் கண் சிவக்க, அகப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அவ்வளவு நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை. நல்ல மழை. வீட்டுக்குள் நுழைந்தபோது டியூப் லைட் எரிந்தது, ஆனால் மாடம் இருட்டாக இருந்தது.

"நீயே ஏத்திடு மாமா" என்றாள்.

தீக்குச்சி நமுத்துப் போயிருந்தது. இரண்டு மூன்று குச்சி உரசினேன். திரும்பிப் பார்த்தால் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான்கைந்து நாளில் அவளே ஏற்றினாள். எனக்கு மூச்சு வந்தது. பத்து நாள் கழித்து மறுபடி மாடம் இருட்டு. கார்த்திகை பிறந்தது. தெரு முழுக்க வாசலில் அகல் எரிய, எங்கள் வாசலில் நான் குந்திக்கொண்டு அகலுக்கு எண்ணெய் ஊற்றினேன். எதிர்வீட்டுக்காரன், "இன்னா அண்ணாத்த, அண்ணி உன்ன வேலைக்கு வெச்சிக்கீதா?" என்று சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன்.

கிணற்றடியில் ஒரு வாளி, மேலே தட்டு மூடி இருந்தது. தட்டை நகர்த்தினேன். பச்சைத் தண்ணீரில் அவளுடைய பாவாடை ஊறிக்கொண்டிருந்தது. தண்ணீர் தண்ணீராக இல்லை. எந்தக் கறையைச் சுடுதண்ணீரில் போடக்கூடாது என்று சலவைக் கூடத்தில் பார்த்திருக்கிறேன். தட்டைப் பழையபடி மூடிவிட்டு வந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் மனைவி வந்திருந்தார். நான் வெளியே வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே பேசுவது காதில் விழுந்தது.

"கூழ் பானையில கை வெச்சியே, அன்னிக்கு சுத்தமாத்தான் இருந்தியாடி?"

"இன்னாக்கா இப்டி கேக்குற? சுத்தமாத்தான் இருந்தேன்."

"பின்ன எதுக்கு நின்னது திரும்ப வருது? அம்மனுக்கு இன்னாவோ குத்தம். ஒம்போது வெள்ளி எலுமிச்ச வெளக்கு போடு."

"கோயிலுக்கு எப்டிக்கா போறது? தூரமா இல்ல இருக்கேன்."

"நின்னப்புறம் போ."

"டாக்டரம்மாவ ஒரு தபா பாத்தா?"

"இந்த நேரத்துல போய் எங்க பாக்கப் போறாங்க? அசிங்கம். அதுக்கும் நிக்கட்டும்."

துணி என் கையிலேயே இருந்தது. நிற்காமல் கோயிலுக்குப் போக முடியாது. நிற்காமல் ஆஸ்பத்திரிக்கும் போக முடியாது. நின்றுவிட்டால், நின்றுவிட்டதே, எதற்குப் போக வேண்டும் என்பாள். அப்படித்தான் நடந்தது. இரண்டு வெள்ளிக்கிழமை எலுமிச்சை விளக்குப் போட்டாள். மூன்றாவது வெள்ளிக்கு முன்பே மறுபடி வந்துவிட்டது. நடுவில் விட்டுப்போனதால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். மழை விடாமல் பெய்தது. ஏரி நிரம்பிவிட்டது, தண்ணீர் திறக்கப் போகிறார்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு ஜீப் போனது. அவள் வெளுத்துக்கொண்டே வந்தாள். படியேற மூச்சு வாங்கினாள். ஒரு நாள் முறத்தைத் தூக்கப் போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

எங்கள் தெருவுக்குப் பிரஷர் மாத்திரை கொடுக்க ஒரு பொண்ணு வரும். அதை வண்டி பக்கத்தில் நிறுத்தினேன். என் மகள் வயதுதான். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"இன்னா நைனா? பிரஷர் பாக்கணுமா?"

"எனுக்கில்ல."

"யாருக்கு?"

"வூட்ல... வெளக்கு ஏத்த மாட்டேங்குதும்மா."

"யாரு, அம்மாவா? கோவமா?"

"இல்லம்மா. நின்னுபோய் ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. இப்ப திரும்ப ஏத்த மாட்டேங்குது. ஐப்பசியிலேந்து."

அது சிரிப்பதை நிறுத்தியது. பையை வண்டி மேல் வைத்துவிட்டு நேராக உள்ளே போனது. திரும்பி வந்ததும் சொன்னது, "நாளைக்கே செங்கல்பட்டுக்குக் கூட்டினு போ. நிக்கட்டும்னு உக்காராதே. நின்னு போனவங்களுக்கு ஒரு சொட்டு வந்தாலும் காட்டணும். வந்துனு இருக்கும்போதே போலாம்."

மனைவி என்னை முறைத்தாள். "அந்தப் பொண்ணாண்ட இன்னா சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல. கெளம்பு."

ஆஸ்பத்திரியில் பெண்கள் பகுதியில் ஆம்பிளை நான் ஒருவன்தான். கைக்குழந்தைக்காரி, வயிறு தள்ளிய பெண், தாவணி வயதுப் பிள்ளையைக் கூட்டி வந்த அம்மா, தடி ஊன்றிய கிழவி. எல்லோரும் ஒரே பெஞ்சில். நான் சுவர் ஓரமாக நின்றேன். கூப்பிட்டபோது நீங்களும் வாங்க என்றார்கள்.

"எப்ப நின்னுச்சும்மா?" டாக்டரம்மா கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "சொல்லும்மா. எத்தன வயசுல? எத்தன மாசம் வராம இருந்துச்சு?" டாக்டரம்மா பேனாவைத் தட்டினார்.

நான் சொன்னேன். போன பொங்கலுக்கு முந்தின பொங்கலுக்கு அப்புறம் வரவேயில்லை. ஐப்பசி இரண்டாவது வெள்ளி வந்தது. நான்கைந்து நாள். பத்து நாள் விட்டு மறுபடி. கார்த்திகையில் பாதி நாள். இப்போது விட்டதே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எல்லாத்தையும் பாத்துகினுதான் இருந்தியா?" என்று மெதுவாகக் கேட்டாள். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை. கோபமா, வெட்கமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பை உள்ளிருந்து துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை நான் வண்டி ஓட்டினேன். கடலோர ரோட்டில் காற்று மூட்டைகளை ஆட்டியது. லாட்ஜுகளில் வெள்ளை விரிப்புகளைப் பார்க்காமலே மூட்டை கட்டினேன். மாலையில் வீட்டுக்குத் திரும்பவே பயமாக இருந்தது. மாடத்தில் நான்தான் ஏற்ற வேண்டும் என்று தெரிந்தும், தெருமுனையிலிருந்தே வெளிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பேன்.

முடிவு நல்லதாக இல்லை. புற்று என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கர்ப்பப்பையை எடுத்தார்கள். நோய் அதைத் தாண்டிப் போன மாதிரித் தெரியவில்லை, ஆனால் அடிக்கடி வந்து காட்ட வேண்டும், திரும்ப ஏதாவது பட்டால் அன்றைக்கே வர வேண்டும் என்றார். 'தெரியவில்லை' என்ற அந்த வார்த்தை என்னோடு வண்டியில் வந்துகொண்டே இருக்கிறது.

வீட்டுக்கு வந்து உடம்பு கொஞ்சம் தேறியதும் அவள் மாடத்தில் விளக்கு ஏற்றினாள். அண்ணி பார்க்க வந்திருந்தார். "இனிமே எது வந்தாலும் ஏத்துவேங்கா. அம்மன் பாத்துக்கட்டும்" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் விளக்கு தினமும் எரிகிறது. தெருமுனையிலிருந்தே தெரிகிறது. அதைப் பார்த்து என்னால் இப்போது ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை. அதனால் கேட்க வேண்டியிருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, அடுப்பங்கரைக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

"இன்னா மாமா?"

"ஒண்ணும்... படலியே?"

"வாயத் தொறந்து ஒழுங்கா கேளு."

"ரத்தம் எதனா பட்டுச்சா?"

மற்ற நாளெல்லாம் கேட்டவுடனே இல்லை என்பாள். நேற்று கரண்டியைக் கீழே வைத்தாள். அடுப்பைத் தணித்தாள். பிறகுதான் இல்லை என்றாள். நான் கதவை விடாமல், இன்னொரு தடவை கேட்டேன்.