நான்கு நாள் நடையும் ஒரு பெயரும்

அடுத்த வாரம் நியூசிலாந்து போகிறேன் என்று இந்தக் குழுவில் ஏற்கெனவே எழுதிக் கழுத்தறுத்திருக்கிறேன். கடலுக்குள் நீண்டு கிடக்கும் பழைய எரிமலை. அதன் கரையோரமாக நான்கு நாள் நடை.

இன்று மாலை மொன்றியலில் எங்கள் தெருமுனை டெப்பனரில், அதாவது சில்லறைச் சாமான் கடையில், காலில் ஒட்டும் பிளாஸ்டர் நான்கு பெட்டி எடுத்தேன். கல்லாவில் இருப்பவர் மன்னார்க்காரப் பெண்மணி.

"என்னத்துக்கு அண்ணை இவ்வளவு?"

நடக்கப் போவதைச் சொன்னேன்.

"நாங்களும் ஊரிலை மடு மாதா கோயிலுக்கு நேர்த்தி வைச்சு நடந்து போறனாங்கள். உங்களுக்கு என்ன நேர்த்தி?"

"நேர்த்தியெல்லாம் இல்லீங்க. சும்மா நடக்கத்தான்."

"சும்மா ஆர் நாலு நாள் நடப்பினம்? சொல்ல விருப்பமில்லையெண்டால் விடுங்கோ."

நான் கோயில் பக்கமே போகாதவன் என்று விளக்க வாய் திறப்பதற்குள், பில் தாளில் ஒரு பெயரை எழுதி நீட்டினார்.

"என்ரை தம்பி. ரெண்டு வருசமா ஒரு சேதியும் இல்லை. போய்ச் சேருற இடத்திலை இதை வைச்சு விடுங்கோ அண்ணை."

வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வேறென்ன செய்வது?

அந்தப் பாதை சுற்றிவந்து முடியும் இடத்தில் இருப்பது ஓர் ஆட்டுப் பண்ணையின் கேட். முழங்கால் வலித்தால் இரண்டாம் நாளே வண்டி பிடித்துத் திரும்பிவிடுவது என்பதுதான் நேற்றுவரை என் திட்டம்.

அந்தக் கேட்டில் இந்தத் தாளை எங்கே வைப்பது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். முழங்காலைப் பற்றி மட்டும் யாரும் விசாரிக்க வேண்டாம்.