கோகிலவாணி மேடம் அழித்த கேசட்

வரலாற்றுத் துறையின் பெருமைமிகு மாணவர் சமூகத்துக்கு இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், நெடுங்காலம் ஓய்விலிருந்த முதலாமாண்டு வகுப்பறையின் மின்விசிறி மீண்டும் சுழலத் தொடங்கியுள்ளது. காற்று வருவதாகத் தகவல் இல்லை.

திங்கட்கிழமை காலையில் இதைத்தான் துறைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். அலுவலக உதவியாளர் ஆறுமுகண்ணன் பின்னால் வந்து நின்றார்.

"கோகிலா மேடம் போயிட்டாங்க கண்ணு."

"எங்கண்ணா, போத்தனூருக்கா?" என்று கேட்டேன். மேடத்தின் வீடு அங்கேதான். அண்ணன் பலகையில் இருந்ததை உள்ளங்கையால் துடைத்தார். அப்போதுதான் புரிந்தது. மஞ்சள் காமாலை என்று விடுப்பில் போனவர் இனி வரப்போவதில்லை.

நம் துறையின் தற்காலிக விரிவுரையாளர் கோகிலவாணி மேடத்தை உங்களுக்கெல்லாம் தெரியும். எனக்கு அவர் அறிமுகமானது வகுப்பு வாசலில். தாமதமாகப் போய் நின்று, "மேடம், வரலாறுன்னாலே வர லேட்டாகும்ங்க" என்றேன். வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "அப்படீங்களா? அப்ப இந்தப் பொட்டியத் தூக்கிட்டு எம் பின்னால வாங்க, வித்துவான்" என்று டேப் ரிக்கார்டரைக் கையில் கொடுத்தார். பீளமேட்டுப் பழைய மில் தொழிலாளிகளின் நினைவுகளைத் துறை சார்பில் அவர் பதிவு செய்துகொண்டிருந்தார். அதற்குப் பிறகு, பெட்டி தூக்கி நான்தான்.

ஒவ்வொரு பதிவு முடிந்ததும் டேப்பைப் பேசியவருக்கே போட்டுக் காட்டி, "இதை நாலு பேருக்குச் சொல்லலாமுங்களா?" என்று கேட்பார். "ஒப்புக்கிட்டுக் குடுத்தாத்தான் அது சான்று. இல்லாட்டித் திருட்டு" என்பார். எனக்கு இது வெட்டி வேலையாகத் தெரிந்தது.

மில்லின் ஸ்பின்னிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாரப்பன் ஐயா ஒருநாள் கேசட்டின் ஒரு பக்கம் முழுக்கப் பேசினார். பழைய ஸ்டிரைக்கின்போது முன்னால் நின்றவர்களின் பெயர்களை ஒருவர் ரகசியமாக மில் ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தாராம். பலருக்கு வேலை போனது. கொடுத்தவர் யார் என்பதையும் ஐயா சொன்னார். நாலு பேருக்குச் சொல்லவும் அன்று ஒப்புக்கொண்டார். மேடத்தின் கருத்தரங்கக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு டேப்பின் மேல் நின்றது. நிரந்தர வேலைக்கு ஆள் எடுக்கப்போகிறவர்கள் கருத்தரங்கின் முன்வரிசையில் உட்காரப்போவது துறைக்கே தெரியும்.

கருத்தரங்குக்கு முந்தைய நாள் மாரப்பன் ஐயா துறைக்கே வந்துவிட்டார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"அம்மணி, ஏதோ வேகத்துல பேசிப்போட்டனுங்க. அதை அழிச்சுப்போடோணும்."

"ஏனுங்கய்யா, என்னாச்சு?"

"நாஞ் சொன்ன ஆளு ஊட்டுக்குத்தானுங்க எம் புள்ளையக் குடுத்திருக்குது. மாமனாரைப் பத்தி அப்பன் இப்படிப் பேசுனான்னு தெரிஞ்சா, அவ அங்க எப்படீங்க சோறு திங்கறது?"

"பேர மட்டும் எடுத்துடறனுங்க."

"எந் தொண்டைய ஊருக்கே தெரியுமுங்களே!"

மேடம் கேசட்டை எடுத்து நீட்டினார். அவர் வாங்கவில்லை. வீட்டில் பேரன்கள் போட்டுக் கேட்டுவிடுவார்களாம். தன் கண்ணெதிரே அழிக்க வேண்டுமாம்.

நான் மேடத்தை வராந்தாவுக்கு அழைத்து, "ஹெச்.ஓ.டி. சார் ரூம்ல இன்னொரு ரிக்கார்டர் இருக்குதுங்க. ஒரு காப்பி எடுத்துட்டு இதை அழிச்சா அவருக்கு என்னங்க தெரியப்போகுது?" என்றேன். எனக்கு அது அபாரமான யோசனை. மேடத்தின் முகம் வெளுத்தது. "அன்னைக்கு ஆபீசுல பேரைக் குடுத்தானே, அவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

கேசட்டை அழிப்பது பலகையைத் துடைப்பது போல் அல்ல. மேலே வேறொன்றைப் பதிய வேண்டும். சொல்ல எவ்வளவு நேரமோ, அழிக்கவும் அவ்வளவு நேரம். "சும்மா ஓட்டுனா அடியில எம் பேச்சு இருக்குமல்லோ?" என்று ஐயா பயந்தார். மேடம் என் பக்கம் திரும்பினார். "நித்தம் பலகைல அளக்கறீங்களே வித்துவான், இப்பப் பேசுங்க."

பேசினேன். துறைச் செய்திகளை வானொலிக் குரலில் வாசித்தேன். நூலகத்துப் பூனை குட்டி போட்ட செய்தியைச் சிறப்பு நிருபர் போலத் தந்தேன். பக்கம் முடியும்வரை நான் விடவில்லை என்றும், ஐயாவும் மேடமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள் என்றும் கேண்டீனில் நான் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

நடுவில் துறைத்தலைவர் கதவைத் தட்டினார். "கோகிலா, நாளைக்கு டேப் ரெடிங்களா?"

"அழிச்சுட்டிருக்கறனுங்க சார்."

அவர் ஓடிக்கொண்டிருந்த பெட்டியைப் பார்த்தார், ஐயாவைப் பார்த்தார். "அழியறது அவர் பேச்சு இல்லீங்க, உங்க வேலை" என்றார். ஐயாவின் கை துண்டை முறுக்கியது. மேடம் ஸ்டாப் பட்டனை அழுத்திவிடுவார் என்றே நினைத்தேன். அவர் மைக்கை மேசையில் கொஞ்சம் நகர்த்தி வைத்தார், அவ்வளவுதான்.

மறுநாள் கருத்தரங்கில் முன்வரிசையிலிருந்து ஒருவர் "சான்று எங்கே?" என்றார். "இருந்தது. கொடுத்தவர் திரும்பக் கேட்டார், கொடுத்துவிட்டேன்" என்றார் மேடம். முன்வரிசையில் தாள்களைப் புரட்டினார்கள். வேலை வேறொருவருக்குப் போனது. அடுத்த திங்களன்று மேடம் அதே தற்காலிக விரிவுரையாளராக வந்து வருகைப்பதிவு எடுத்தார். நான் அன்றும் லேட்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேசட். "நீங்களே வெச்சுக்கங்க வித்துவான்" என்று கொடுத்திருந்தார். இரங்கல் கூட்டத்தில் அதைப் போடலாமே என்று சிலர் கேட்கிறீர்கள். போட முடியாது. காரணத்தைச் சொல்லத்தான் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

பூனை குட்டி போட்டதோடு என்னிடம் சரக்கு தீர்ந்துவிட்டது. துறைத்தலைவர் போன பிறகு மைக்கை விட்டுத் தள்ளி நின்றேன். ஐயா கேசட் சுற்றுவதையே பார்த்தபடி நின்றார். மேடம்தான் மைக்கைத் தன் பக்கம் இழுத்து, "எங்க ஊட்டுலயும் ஒண்ணு உண்டுங்கய்யா" என்று தொடங்கினார். அவர் வீட்டில் யாரும் வெளியே சொல்லாத ஒன்றை, பக்கம் முடியும்வரை சொன்னார். ஐயா அப்போதுதான் உட்கார்ந்தார். அதை நாலு பேருக்குச் சொல்லலாமா என்று நான் மேடத்திடம் கேட்கவே இல்லை. இனிக் கேட்கவும் முடியாது.

நேற்று என் பகுதியை மட்டும் போட்டுக் கேட்டேன். யாருமே சிரிக்கவில்லை. மேடம் தொண்டையைச் செருமும் சத்தம் வந்ததும் நிறுத்திவிட்டேன்.